குடத்து நீரும் குழாய் நீரும்

திருவரங்கத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்குக் குளிர் என்றால் மார்கழிதான். விடியற்காலையில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் கால் நனைக்கும்போது உடம்பு ஒரு முறை சிலிர்க்கும். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு முதியவர்கள் நடப்பார்கள். வெப்பமானியில் அப்போதும் 20 பாகையை ஒட்டித்தான் இருக்கும். தண்ணீர் கல்லாகும் என்பதை நாங்கள் பள்ளிப் பாடத்தில் படித்தோம். ஐஸ் வண்டிக்காரரிடம் கண்டோம். அது வீட்டை இடிக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் ஹூஸ்டன் நகரத்தை அடுத்து வாழும் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணா, நாளைக்குப் பெரிய குளிர் வருகிறதாம். குழாயெல்லாம் உறைந்து வெடிக்கலாம் என்கிறார்கள். என்ன செய்வதென்று தெரியவில்லை" என்றாள். தமிழிலக்கியம் கற்பிப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? நான் விழித்தேன். பக்கத்தில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தொலைபேசியை வாங்கினார். "குழாயை நம்பாதேடி. இப்போதே இருக்கிற பாத்திரத்திலெல்லாம் பிடித்து வை. குளிக்கிற தொட்டி இருக்கிறதல்லவா, அதையும் நிரப்பு" என்றார். அவ்வளவுதான். பனிக்கட்டியைப் பற்றி அம்மாவுக்கு எதுவும் தெரியாது. தண்ணீரைப் பற்றித் தெரியும்.

மூன்றாம் நாள் தங்கை வீட்டின் கூரைப் பரணில் ஓடிய குழாய் வெடித்தது. கூடத்தின் மேற்தளப் பலகை ஊறிப்போய், நூற்றுக்கணக்கான புத்தகங்களின்மேல் விழுந்தது. மின்சாரம் இல்லை. தெருக்குழாயிலும் நீர் வரவில்லை. அந்த நான்கு நாட்கள் அவர்களுக்குக் கைகொடுத்தது தொட்டியில் பிடித்து வைத்த நீர்தான்.

அம்மாவின் அறிவுரை எந்த வரலாற்றிலிருந்து வந்தது என்று அன்று எழுந்த கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

*

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் 'பனி' என்பது அடிப்படையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. தொல்காப்பியம் ஆண்டை ஆறு பொழுதாகப் பகுக்கும்போது முன்பனி, பின்பனி என இரண்டைப் பனிக்கே கொடுக்கிறது. ஆனால் அந்தப் பனி உறைந்த நீரன்று. கட்டியாக நாம் அறிந்தது வானிலிருந்து விழும் ஆலங்கட்டி ஒன்றுதான். அதனால்தான் இன்று 'உறைபனி', 'பனிக்கட்டி', 'பனிப்பொழிவு' என்று ஒட்டுப்போட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஆயினும் குளிருக்கும் வீட்டு நீருக்கும் உள்ள உறவை நம் புலவர்கள் கவனிக்காமல் விடவில்லை. நக்கீரரின் நெடுநல்வாடை கூதிர்கால நகரம் ஒன்றை வரையும் இடத்தில், குறுகிய வாயுடைய கலத்திலுள்ள தண்ணீரை யாரும் பருகாமல், அகன்ற வாயுடைய தடவில் இட்ட நெருப்பை நாடியதைக் காட்டுகிறது. 'தடவு' என்பது கணப்புச் சட்டி. கோடையில் விரும்பப்பட்ட நீர்க்கலம் குளிர்காலத்தில் மூலையில் கிடக்கிறது. அதன் இடத்தைத் தீச்சட்டி பிடித்துக்கொள்கிறது. ஒரு வீட்டின் பருவமாற்றத்தை இரண்டு பாத்திரங்களின் வாயகலத்தைக் கொண்டு சொல்லிவிட்ட கண்ணை எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை.

திருவரங்கம் கோயிலிலும் குளிருக்கு ஒரு நாள் உண்டு. கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசி இரவில் நம்பெருமாளுக்கு 365 வத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாற்றப்படுகின்றன. ஆண்டு முழுவதற்குமான குறையை அந்த ஓரிரவில் நிறைவு செய்வதாகப் பெரியோர் சொல்வார்கள். குளிருக்குப் போர்த்துவது என்றும் அடியார்கள் சொல்வார்கள். போர்த்துவது என்பது வெப்பத்தை உண்டாக்குவதன்று. இருக்கும் வெப்பத்தை வெளியேற விடாமல் காப்பது. குளிர்நாடுகளில் குழாய்க்குச் சுற்றும் நுரைப்பட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

*

குழாய் ஏன் வெடிக்கிறது என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கும். நீரும் 4 பாகை வரை சுருங்கும். அதன் பின் விரியத் தொடங்கும். உறைந்து கட்டியாகும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பருமன் கூடிவிடும். குழாயின் நடுவில் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டால், அதற்கும் மூடிய குழாய்வாய்க்கும் இடையே அகப்பட்ட நீர் நெருக்கப்பட்டு அழுத்தம் ஏறுகிறது. வெடிப்பது பெரும்பாலும் பனி அடைத்த இடத்தில் அல்ல. அழுத்தம் தாங்காத வேறோரிடத்தில். நீர் கொட்டுவதும் உடனே தெரியாது. பனி உருகிய பிறகே தெரியும். வெயில் வந்துவிட்டது என்று மகிழ்ந்த நேரத்தில்தான் தங்கையின் கூடம் நனைந்தது.

ஆகவே குளிர்நாட்டார் செய்யும் காப்பு முறைகளெல்லாம் எளிய தருக்கத்தில் அமைந்தவை. வெளிச்சுவரிலும் பரணிலும் செல்லும் குழாய்களைப் போர்த்துவார்கள். சமையலறைத் தொட்டியின் அடியிலுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்து அறையின் வெப்பம் குழாயைத் தொடச் செய்வார்கள். குழாய்வாயைச் சற்றே திறந்து நூல்போல் நீரை ஒழுகவிடுவார்கள். ஓடும் நீர் உறையத் தாமதமாகும், அழுத்தத்துக்கும் ஒரு போக்கிடம் கிடைக்கும். ஊருக்குப் போவதென்றால் தலைவாயை மூடிக் குழாயில் நிற்கும் நீரை வடித்துவிடுவார்கள். உறைந்துவிட்டால் தீக்கொழுந்தைக் காட்டமாட்டார்கள். தலைமுடி உலர்த்தும் கருவியாலோ வெந்நீர்த் துணியாலோ குழாய்வாய்ப் பக்கத்திலிருந்து மெல்ல இளக்குவார்கள்.

கனடாவின் டொராண்டோவில் வாழும் நம்மவர்க்கு இவை பழக்கமானவை. அங்கே தெருவடிக் குழாய்கள் மண் உறையும் ஆழத்துக்கும் கீழே புதைக்கப்படுகின்றன. வீட்டுக் குழாய்களோ நிலவறையிலும் உட்சுவரிலும் ஏறும். காசுமீரத்தில் டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிருக்குச் 'சில்லாய் கலான்' என்று பெயரே இருக்கிறது. 2024ஆம் ஆண்டு அந்த முதல் நாளில் ஸ்ரீநகரில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 8.5 பாகைக்கு இறங்கியது. ஐம்பது ஆண்டுகளில் அதுவே மிகக் குளிர்ந்த டிசம்பர் இரவு. அப்போதும் குழாய்கள் உறைந்தன. ஆனால் அது அவர்களுக்குத் தெரிந்த பகை.

ஹூஸ்டன் அப்படியன்று. அது வெப்பநாட்டு நகரம். நிலவறை இல்லாத வீடுகள். குழாய்களைப் பரண்வழியே கொண்டுசெல்வது அங்கே வழக்கம். வெயிலுக்குப் பயந்த நகரத்துக்கு அதில் தவறேதும் தெரியவில்லை. 2021 பிப்ரவரியில் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை வரை குளிர் இறங்கியபோது, மாநிலமெங்கும் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் மின்சாரம் இழந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரு நகரம் தனக்குத் தெரிந்த பகைக்கு எதிராகத்தான் தன் நீரைக் காத்துக்கொள்கிறது. தெரியாத பகை வரும்போது, அந்தக் காப்பே அதன் பலவீனமாகிவிடுகிறது.

*

அப்படியானால் திருச்சிராப்பள்ளிக்குத் தெரிந்த பகை எது? வெள்ளமும் மணலும், அவற்றுக்கு நேர் எதிரான வறட்சியும்.

திருவரங்கம் ஒரு தீவு. மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கிழக்கே கல்லணைக்கு அருகில் இரண்டும் மீண்டும் நெருங்குகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, காவிரியின் படுகை உயர்ந்தது. எனவே நீர் எப்போதும் கொள்ளிடத்துக்கு ஓடிவிடவே பார்க்கும். கிழக்கு முனையில் அந்த ஓட்டத்தைத் தடுக்கவே கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை எழுந்தது. ஆழம் காணமுடியாத மணலில் பெருங்கற்களை இட்டு, அவை அமிழ அமிழ மேலும் கல்லடுக்கி, அசையாத அடித்தளம் கண்ட முறை அது. மணலில் அடித்தளம் அமைக்கும் வித்தையைப் பழைய தமிழரிடமிருந்தே கற்றதாகப் பொறியாளர் ஆர்தர் காட்டன் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

காட்டன் 1836இல் மேற்கு முனையில் மேலணையைக் கட்டினார். கொள்ளிடம் விழுங்கிய நீரைக் காவிரிக்குத் திருப்புவது நோக்கம். நோக்கம் நிறைவேறியது, சற்று அதிகமாகவே நிறைவேறியது. சில ஆண்டுகளில் காவிரியின் படுகை அரிக்கப்பட்டு, தஞ்சைக்கு அளவுக்கு மீறிய வெள்ளம் போகும் நிலை உண்டாயிற்று. அணையின் நடுப்பகுதியின் உயரத்தைக் குறைக்கவும், காவிரியின் குறுக்கேயும் ஓர் அமைப்பைக் கட்டவும் வேண்டியதாயிற்று. ஒரு பகையைத் தடுத்தால் இன்னொரு பகை பின்வாசலால் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த மேலணையில்தான் 2018 ஆகத்து 22 இரவில் கொள்ளிடப் பகுதியின் 45 மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. அதற்குச் சில நாட்கள் முன்னர், 1928இல் கட்டப்பட்ட பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களும் வெள்ளத்தில் சரிந்தன. இரண்டுக்கும் காரணம் பேசும்போது முதுமை ஒருபுறம் சுட்டப்பட்டது, படுகையின் மணல் அரிப்பு மறுபுறம். மணல் என்பது வெறும் கட்டடப் பொருள் அன்று. இந்த ஊரின் நீருக்கு அது போர்வை. அதை இன்னும் சற்று விளக்கவேண்டும்.

*

தமிழ்நாட்டில் வீட்டுக் குழாய்க்குப் பழைய சான்றுகள் உண்டு. கீழடி அகழாய்வில் சுடுமண் குழாய்கள் கிடைத்திருக்கின்றன. வஞ்சி நகரத்து வீடுகளில் மகளிர் கூந்தல் கழுவிய மணநீர் 'சுருங்கைத் தூம்பு' வழியே அகழிக்குப் போய்ச் சேர்வதை மணிமேகலை காட்டுகிறது. ஆனால் மணிமேகலையின் தூம்பு கழிவுநீரை வெளியே கொண்டுபோவது. குடிநீர் வீட்டுக்குள் வந்தது குழாய் வழியாக அன்று; இடுப்பிலும் தலையிலும்.

திருவரங்கத்துப் பெருமாளுக்கும் இன்றளவும் அப்படித்தான். ஐப்பசி மாதத்தில் காவிரியிலிருந்து தங்கக் குடத்திலும், மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்திலும் திருமஞ்சன நீர் யானைமேல் வருகிறது. வீடுகளில் பித்தளைக் குடம். கோடையில் ஆறு வறண்டால் மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள். கையளவு பள்ளத்தில் சுரக்கும் நீர் கண்ணாடிபோல் இருக்கும். மேலே தகிக்கும் மணல், கீழே குளிர்ந்த நீர். வெயிலிலிருந்து நீரைக் காக்கும் போர்வையாகவும், அழுக்கை வடிக்கும் வடிகட்டியாகவும் மணல் வேலை செய்தது. தென்கரையில், பேட்டைவாய்த்தலையில் பிரிந்து நகரத்தினூடே வாழவந்தான்கோட்டை ஏரி வரை போகும் உய்யக்கொண்டான் வாய்க்கால் கிணறுகளை ஊறவைத்தது. சோழர் காலத்து வாய்க்கால் அது. ஊரை உய்யக்கொண்டதால் பெயருக்கும் பொருத்தம்.

திருச்சிராப்பள்ளி நகராட்சி 1866இலும் திருவரங்கம் நகராட்சி 1871இலும் தோன்றின; 1994இல் இரண்டும் பொன்மலையோடு சேர்ந்து மாநகராட்சியாயின. குழாய் நீர் வந்தது இந்த ஆட்சிமுறையோடு வந்த மாற்றம். ஆனால் அந்தக் குழாயின் தொடக்கத்தைப் போய்ப் பாருங்கள். கம்பரசம்பேட்டையிலும் கொள்ளிடத்திலும் ஆற்றின் நடுவே நிற்கும் உருண்டைக் கட்டடங்கள் சேகரிப்புக் கிணறுகள். அவற்றின் அடியிலிருந்து மணலுக்குள் கதிர்போல் குழாய்கள் நீள்கின்றன. மணலில் ஊறி வடிந்த நீர் அவற்றின் வழியே கிணற்றில் சேர்கிறது. நம் பாட்டிமார் கையால் தோண்டிய ஊற்றின் பெரிய வடிவம்தான் அது. மணல் போனால் ஊற்றும் போகும், கிணறும் போகும். குளிர்நாட்டுக் குழாயிலிருந்து நுரைப்பட்டையை உரித்தெடுப்பதும், காவிரியிலிருந்து மணலை அள்ளுவதும் தன்மையில் ஒன்றே.

*

ஹூஸ்டன் நிகழ்ச்சியில் இன்னொரு செய்தி என்னை நெடுநாள் உறங்கவிடவில்லை. குழாய் உறையாதிருக்க நீரை ஒழுகவிடுங்கள் என்பது நல்ல அறிவுரை. ஆனால் இலட்சக்கணக்கான வீடுகள் ஒரே நேரத்தில் ஒழுகவிட்டால் என்ன ஆகும்? வெடித்த குழாய்களின் கசிவும் அதனோடு சேர்ந்தால்? நகரம் முழுவதும் அழுத்தம் விழுந்தது. நீரை ஒழுகவிடாதீர்கள் என்று நகர ஆட்சியே வேண்டிக்கொள்ள நேர்ந்தது. பின்னர், வரும் நீரைக் கொதிக்கவைத்தே பருகவேண்டும் என்ற அறிவிப்பும் வந்தது. குழாயில் அழுத்தம் குறைந்தால் வெளியழுக்கு உள்ளே புகும் என்பதே அதற்குக் காரணம். தன் வீட்டைக் காத்துக்கொள்ள ஒவ்வொருவரும் செய்த நியாயமான செயல், எல்லோருடைய நீரையும் குறைத்துவிட்டது.

இது நமக்கு அயலான கதையா? கோடையில் தெருக்குழாயோடு நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சும் வழக்கம் தமிழ்நாட்டின் எந்த ஊரில் இல்லை? முதல் நான்கு வீடுகளின் மேல்தொட்டிகள் நிரம்பி வழியும். கடைசி வீட்டில் குடம் காய்ந்து கிடக்கும். அழுத்தம் குறைந்த குழாயில் சாக்கடை நீர் கசிந்து புகும் இடர் இங்கும் உண்டு. காவிரிப் பாசனத்தில் 'கடைமடை' என்ற சொல் எவ்வளவு துயரம் சுமந்தது என்பதை உழவர்கள் அறிவார்கள். தெருக்குழாய்க்கும் கடைமடை உண்டு. அங்கே பெரும்பாலும் வாடகை வீடுகளே இருக்கும்.

*

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு இருந்தது. என் பாட்டனார் காலத்து உறைக்கிணறு. 2009இல் வீட்டைப் புதுப்பித்தபோது, இரு சக்கர வண்டிகளை நிறுத்த இடம் வேண்டுமென்று அதன்மேல் கான்கிரீட்டுப் பலகை போட்டு மூடினேன். ஆழ்துளைக் குழாயும் மாநகராட்சிக் குழாயும் இருக்க, கிணறு எதற்கு என்பது என் வாதம். அம்மா அன்று என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் பலகைமேல் கோலம் போட்டார். அதற்குப் பொருள் என்ன என்று நான் கேட்கவில்லை.

தங்கையின் கூடம் நனைந்த வாரத்தில்தான் கேட்டேன். அம்மா 1977 நவம்பரைச் சொன்னார். புயலும் கோரையாற்று வெள்ளமும் திருச்சி நகரத்தை மூழ்கடித்தபோது, தென்கரையில் இருந்த அவருடைய தமக்கை வீட்டைச் சுற்றி எங்கும் தண்ணீர். குடிக்க ஒரு வாய் இல்லை. இரண்டு நாட்கள், முன்னிரவில் நிரப்பி வைத்த இரண்டு தவலைகளே ஏழு பேரைக் காத்தன. அன்றிலிருந்து அந்திவிளக்கு ஏற்றுவதற்கு முன் குடங்களை நிரப்புவது அம்மாவுக்குப் பழக்கமாயிற்று. வெள்ளத்தில் கற்றதை அவர் பனிக்கு ஈந்தார். பகை வேறு, பாடம் ஒன்று: வருகிற நீரை மட்டும் நம்பியிருக்காதே, நிற்கிற நீர் கொஞ்சம் வைத்துக்கொள்.

வரலாற்று நூல்கள் அணைகளையும் அரசர்களையும் பேசும். இரண்டு தவலைகளைப் பேசா. ஆனால் ஓர் அணை உடைந்த இரவில் ஊரைத் தாங்குவது இந்தச் சிறிய அணைகள்தாம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

சென்ற ஆண்டு சித்திரையில் கொத்தனாரை அழைத்துப் பலகையின் நடுவே ஒரு சதுரம் அறுத்து எடுக்கச் சொன்னேன். பழைய காற்று ஒன்று வெளியே வந்தது. ஒரு சிறு கல்லை உள்ளே போட்டோம். ஒலி வர நேரம் பிடித்தது. எனினும் அது கல்லில் பட்ட ஒலியன்று, நீரில் விழுந்த ஒலி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பரணில் கிடந்த தாம்புக்கயிற்றை எடுத்துவரச் சொன்னார். அது மக்கிப் போயிருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு புதுக்கயிறு வாங்கக் கடைவீதிக்குப் போனேன்.